கும்புடுறம்மா

சித்தேரிப்பாக்கத்து ஏரிக்கரையில், மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல் நின்றது. பெண்ணுருவம். முழங்காலுக்குக் கீழே மண்ணில் புதைந்திருந்ததால் சின்னப் பெண்ணின் உயரம்தான் தெரியும். காதில் பெரிய குழை, இடுப்பில் மடிப்பு மடிப்பாகச் சேலை, தூக்கிக் கட்டிய கொண்டை. மூக்கு எப்போதோ உடைந்து போயிருந்தது. இரண்டு கையையும் மார்புக்கு நேரே கூப்பிக்கொண்டிருந்தாள்.

சாமி என்றால் ஒரு கை அருள் காட்டும், இன்னொரு கையில் சூலமோ பூவோ இருக்கும். கும்பிடுகிற சாமியை யாராவது கண்டதுண்டா? மேலத் தெருக்காரர்கள் அதைச் சாமிக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் சேரி என்பதால் அவர்கள் அங்கே வருவதும் அபூர்வம். சேரிக்காரர்கள்தான் அந்தக் கல்லுக்குக் கும்புடுறம்மா என்று பேர் வைத்து, அதற்கு ஒரு நியாயமும் சொல்லி வைத்திருந்தார்கள். மற்ற சாமியையெல்லாம் நாம் கும்பிட வேண்டும். இது நம்மைக் கும்பிடுகிற சாமி.

அதனால் அங்கே ஒரு முறை இருந்தது. கும்புடுறம்மாவுக்கு முன்னால் யாரும் கை கூப்பக் கூடாது. இரண்டு கையையும் தொங்க விட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். கற்பூரம், தேங்காய், பொங்கல் எதுவும் கிடையாது. சேரிக்கு மருமகளாக வருகிற பெண்ணைத் தாலி கட்டின மறுநாள் காலையில் அழைத்து வந்து கல்லுக்கு எதிரே நிறுத்துவார்கள். கும்புடுறம்மா அவளைக் கும்பிடுவாள். பெண் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு வீட்டுக்குப் போவாள். அடுத்த நாளே அவள் மேலத் தெரு வயலில் இறங்கி, நிலத்துக்காரருக்கும் அவர் பெண்டாட்டிக்கும் இன்னும் பல் முளைக்காத அவர் வீட்டுக் குழந்தைக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு காலம் தள்ள வேண்டியவள்தான். ஆனால் அதற்கு முன்னால் அவளை ஒருத்தி கும்பிட்டாகிவிட்டது.

சேரியில் பாதிப் பேர் வேதத்தில் சேர்ந்தவர்கள். அவர்கள் வீட்டு மருமகள்களும் வந்து நிற்பார்கள். ஒரு தடவை பாதிரியார் இதைக் கேள்விப்பட்டு, சேரிக்குப் பெரியவனான ஏசுதாஸைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"நிக்கிறதுதான் சாமி. நாங்க ஒண்ணியும் கும்புடல. அதான் எங்களக் கும்புட்டுக்கினு கீது. அதுக்கு நாங்க இன்னா பண்ண முடியும்?" என்றான் ஏசுதாஸ்.

பாதிரியார் யோசித்துப் பார்த்தார். வேதாகமத்தில் இதற்குத் தடை எதுவும் அவருக்கு அகப்படவில்லை போலிருக்கிறது. அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சிட்டம்மாளும் மானாம்பதியிலிருந்து வேதகிரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாள் அப்படித்தான் வந்து நின்றாள். பழக்க தோஷத்தில் அவள் கை மேலே எழும்பியது. மாமியார் பிடித்துக் கீழே தொங்க விட்டாள். கும்பிடாத கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும்.

கொஞ்ச காலம் கழித்து வேதகிரி மூட்டை தூக்கும் வேலைக்குப் பட்டணம் போனான். முதலில் பொங்கலுக்கு வந்துகொண்டிருந்தான். பிறகு பொங்கல் மட்டும் வந்தது. வியாசர்பாடியில் அவனுக்கு வேறொரு குடித்தனம் ஏற்பட்டுவிட்டது என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு சிட்டம்மாளுக்குத் தெரிந்தது. மாமியார் செத்தபோதுகூட அவன் காரியம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான்.

அப்புறம் ஒரே ஒரு முறை வந்தான், தம்பி கல்யாணத்துக்கு. தோளில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. சிட்டம்மாள் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் எதிரே வந்தாள். கரை அகலம் குறைச்சல். அவள்தான் சரிவில் இறங்கி வழி விட்டாள். அவன் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்து போனான். முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை. திருப்பிக்கொள்வதற்கு முதலில் பார்த்திருக்க வேண்டுமே. ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

ஊர் அவளுக்கு வாழாவெட்டி என்று பேர் வைத்தது. கல்யாண வீட்டில் அவளைக் கூப்பிட மாட்டார்கள். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரே அவளைப் பார்த்தால் திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கிளம்புவார்கள். யாருக்கும் அவள் மேல் விரோதம் இல்லை. வழக்கம், அவ்வளவுதான். சிட்டம்மாளும் புரிந்துகொண்டு, நாலு பேர் சேர்ந்து வருவதைக் கண்டால் தானாகவே சந்துக்குள் ஒதுங்கிவிடுவாள். அடுத்த குடிசைக்காரி செங்கேணி ஒருத்திதான் நெருப்பு கேட்க வருவாள், அதுவும் வாசலோடு.

அதனால் அவள் சாயங்காலத்தில் வயலிலிருந்து நேரே ஏரிக்கரைக்குப் போவாள். "அக்கா, வந்துட்டேன்" என்பாள். ஏரித் தண்ணீரை அள்ளி ஊற்றி, காக்கை எச்சத்தை முந்தானையால் துடைப்பாள். காலடியில் முளைத்த அருகைப் பிடுங்கிப் போடுவாள். அப்புறம் எதிரே போய்க் கையைத் தொங்க விட்டுக்கொண்டு நிற்பாள். அன்றைக்கு யார் வயலில் நடவு, யார் என்ன சொன்னார்கள், கஞ்சிக்கு உப்பு இருக்கிறதா இல்லையா, எல்லாவற்றையும் சொல்வாள். உடைந்த மூக்கோடு அக்கா கும்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். பகல் முழுவதும் ஒருவர் கண்ணிலும் படாமல் திரிந்தவளுக்கு அந்த ஒரு கும்பிடுதான் நானும் இருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி. அது இல்லாமல் அவளுக்குப் பொழுது முடியாது.

இப்படியே போயிருக்கும். ஐம்பத்தொன்பதாம் வருஷம் மழை பொய்த்து ஏரி வற்றியது. வற்றின ஏரியின் மதகைப் பார்க்க ராமானுஜம் வந்து சேர்ந்தார்.

ராமானுஜம் உத்திரமேரூர் ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார். பட்டணத்திலிருந்து பெரிய மனிதர்கள் காரில் வந்தால் குடவோலைக் கல்வெட்டைக் காட்டி விளக்கம் சொல்வது அவர்தான். மற்ற நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கல்லைத் தேடி அலைவார். நல்ல மனுஷர். கல்லைக் கண்டால் சாப்பாட்டை மறந்துவிடுவார், எதிரே நிற்கிற ஆளையும் மறந்துவிடுவார்.

கும்புடுறம்மாவைப் பார்த்ததும் அவர் சைக்கிளை அப்படியே கீழே போட்டார். ஏசுதாஸையும் இரண்டு ஆட்களையும் கூப்பிட்டுக் காலடி மண்ணைத் தோண்டச் சொன்னார். பாதமும் பாதத்துக்கு அடியில் பீடமும் வெளியே வந்தன. பீடத்தில் எழுத்து இருந்தது. சுண்ணாம்புப் பொடியைத் தடவித் தடவி, படுத்துக்கொண்டும் முட்டி போட்டுக்கொண்டும் அன்று முழுவதும் படித்தார். சாயங்காலம் சிட்டம்மாள் வந்தபோது அவர் மட்டும் உட்கார்ந்து தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது அவருக்கு.

"இது சாமி இல்லேம்மா. ராணி" என்றார்.

"எந்தூரு ராணி சாமி?"

"காஞ்சிபுரத்து ராஜாவோட பெண்டாட்டி. ஆயிரம் வருஷத்துக்கு மேலே ஆச்சு. அமுத நங்கைன்னு பேர். இந்த மதகைக் கட்டினதே இவதான். தன்னோட நகையெல்லாம் குடுத்துக் கட்டியிருக்கா."

"ஏன், புருசன் ஒண்ணியும் குடுக்கலியா?"

ராமானுஜம் சிரித்தார். "ராஜா சண்டைக்கே போயிண்டிருந்தார். அவரோட கல்வெட்டு எத்தனையோ கெடைச்சிருக்கு. எந்த ஊரை ஜெயிச்சார், எத்தனை குதிரையைப் பிடிச்சார், எல்லாம் இருக்கு. பட்டத்து யானைக்குக்கூடப் பேர் போட்டிருக்கு. மத்த ராணிகள் பேரும் இருக்கு. இவ பேர் ஒண்ணுலேயும் இல்லே. இந்த ஒரு கல்லோட சரி."

"யானைக்குப் பேர் போட்டானா?"

"ஆமாம்."

சிட்டம்மாள் கல்லைப் பார்த்தாள். "அப்ப இவள அவன் வச்சிக்கினு வாழல" என்றாள்.

ராமானுஜத்துக்குச் சங்கடமாகப் போயிற்று. "அப்படியெல்லாம் எழுதலேம்மா. 'இவ்வூர் இருந்து' அப்படின்னு ஒரு வார்த்தை வருது. அரண்மனையிலே இல்லாமே இங்கேயே தங்கி ஏரியைப் பார்த்துண்டிருந்தான்னு எடுத்துக்கலாம்."

"எத்தினி வருசம் இருந்தா?"

"தெரியாது."

"அப்பறமா ராசா வந்து இட்டுக்கினு போனாரா?"

"அதுவும் தெரியாது. கல்லிலே இல்லே."

"எங்க வந்திருப்பான்" என்றாள் சிட்டம்மாள்.

அவள் கரையில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷமாக இவளை ஏன் அக்கா என்று கூப்பிட்டோம் என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. சரித்திரத்தைச் சொன்னால் படிக்காதவர்கள்கூட உருகுகிறார்களே என்று ராமானுஜத்துக்கு நெஞ்சம் நிறைந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் இன்னும் ஒன்று கேட்டாள். "இவ யாரக் கும்புடுறா சாமி?"

"பெருமாளைத்தான். வேற யாரை? கோயில்லே சன்னிதியைப் பார்த்து வெச்சிருப்பா. ஏதாவது கலகத்திலே இங்கே வந்து விழுந்திருக்கும், அப்புறம் யாரோ எடுத்து நிறுத்தியிருக்கா."

யாரோ எடுத்து நிறுத்தினவர்கள் சேரியைப் பார்க்க நிறுத்தியிருந்தார்கள். கோயில் இருந்தது அக்காவின் முதுகுக்குப் பின்னால். சிட்டம்மாள் அதைச் சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை.

ராமானுஜம் பத்திரிகைக்கு எழுதிப் போட்டார். அது அச்சில் வந்ததும் வினை ஆரம்பித்தது. ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு ஜெகந்நாதன் தர்மகர்த்தா. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துத் திருப்பணி நடந்துகொண்டிருந்த சமயம். நம்ம ஊருக்கு ஒரு ராணி இருந்திருக்கிறாள், அவள் போய் அந்தக் கரையில், அந்த ஜனங்களுக்குப் பக்கத்தில் நிற்பதா என்று அவருக்குத் தாளவில்லை. இத்தனை வருஷமாக அவள் அங்கே நின்றபோது தாங்கிக்கொண்டிருந்தவர்தான்.

"இருந்த இடத்திலேயே இருக்கட்டுமே. கண்டெடுத்த இடம்னு ஒண்ணு இருக்கு இல்லையா" என்று ராமானுஜம் முனகினார்.

"ராணி பெருமாளைக் கும்பிடறாள்னு எழுதினது நீர்தானே?" என்றார் ஜெகந்நாதன். இன்னொரு டம்ளர் காப்பி வந்தது. முனகல் அதோடு நின்றது.

கல்லைத் தூக்குகிற நாளில் சிட்டம்மாள் வேலைக்குப் போகவில்லை. ஏசுதாஸும் சேரி ஆட்களும் கடப்பாரையும் வடமுமாக வந்தார்கள். வேலை அவர்களுக்குத்தான் கிடைத்திருந்தது. மேலத் தெருவில் கல் தூக்க யாருக்கு முதுகு இருக்கிறது?

"நீயேவாண்ணா தூக்கற?" என்று கேட்டாள் சிட்டம்மாள்.

ஏசுதாஸ் அவளைப் பார்க்காமல் வடத்தை முடிச்சுப் போட்டான். "நான் வர்லன்னா மானாம்பதி ஆள இட்டுக்கினு வருவாங்க. அவன் கடப்பாரைய மூஞ்சில போட்டுப் பேத்துருவான். நானா இருந்தா பதமா எடுப்பேன். தள்ளி நில்லு மே."

பதமாகத்தான் எடுத்தான். அக்காவைச் சாய்த்து வைக்கோல் பரப்பின வண்டியில் படுக்க வைத்தபோது கூப்பின கை வானத்தைப் பார்த்தது. பிணம் போகிற மாதிரி இருந்தது சிட்டம்மாளுக்கு. வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள்.

கோயில் வாசலில் வண்டி நின்றது. உள்ளே கொண்டு போக மேலத் தெரு இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார்கள். வடத்தைக் கையில் வாங்கி மூச்சுப் பிடித்து இழுத்தார்கள். ராணி அசையவில்லை. அவர்கள் முகம் சிவந்தது, ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கோயிலில் எல்லாரும் நுழையலாம் என்று சட்டம் வந்து வெகு நாளாயிற்று. இந்த ஊரில் அதைப் பரீட்சை செய்து பார்க்க யாரும் துணிந்ததில்லை. ஜெகந்நாதன் கோபுரத்தின் உச்சியில் ஏதோ விரிசலைக் கவனிக்கிறவர் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் ஏசுதாஸும் ஆட்களும் வடத்தை வாங்கிக் கல்லை உள்ளே இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அவர்கள் வெளியே வந்ததும் அவர் பார்வை கீழே இறங்கியது. அர்ச்சகர் அவர்கள் மிதித்த இடமெல்லாம் மந்திரம் சொல்லித் தண்ணீர் தெளித்தார்.

கும்பாபிஷேகத்தன்று மேலத் தெருப் பெண்கள் ராணிக்குப் பட்டுத் துண்டு சாத்தி, குங்குமம் அப்பி, எல்லாரும் சேர்ந்து கை கூப்பினார்கள். அடுத்த வாரம் மறந்து போனார்கள். கோயிலில் கும்பிட வேண்டியவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள். பட்டணத்துக்காரர்கள் உத்திரமேரூர் வந்தால், "இங்கேருந்து கொஞ்ச தூரம் போனா ஒரு ராணி இருக்கா, யாருக்கும் தெரியாத ராணி" என்று ராமானுஜம் ஆசையாகச் சொல்லிப் பார்ப்பார். அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

சிட்டம்மாளுக்குச் சாயங்காலம் போக இடம் இல்லாமல் போயிற்று. கால் பழக்கத்தில் ஏரிக்கரைக்குப் போகும். அங்கே ஒரு குழி இருந்தது. குழிக்கு எதிரே கையைத் தொங்க விட்டுக்கொண்டு நின்று பார்த்தாள். பேச வாய் வரவில்லை. குடிசைக்குத் திரும்பி விளக்கேற்றாமல் படுத்துவிடுவாள். அப்படிச் சில மாதம் போன பிறகு, ஒரு நாள் மத்தியானம் தலையை வாரிக்கொண்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

வாசலில் நின்றாள். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். முன்மண்டபத்தில் தேடினாள், பிராகாரத்தில் தேடினாள். வாகனங்கள் வைக்கிற அறைக்குப் பக்கத்தில், மடப்பள்ளிச் சுவரின் மூலையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

ராணி பெருமாளைப் பார்க்க நிற்க வேண்டும் என்று ஸ்தபதி சொல்லியிருந்தார். சன்னிதிக்கு நேர் எதிரே கருடன் இருந்ததால் ராணியைப் பக்கத்தில் தள்ளி, திசை பிசகாமல் திருப்பி வைத்தார்கள். பெருமாளுக்கும் அவளுக்கும் நடுவில் மடப்பள்ளியின் சுவர் வந்துவிட்டது. அதற்கு யார் என்ன செய்ய முடியும்? திசை சரியாகத்தான் இருந்தது.

சிட்டம்மாள் பின்னால் நின்றுகொண்டு, "அக்கா, வந்துட்டேன்" என்றாள். எதிரே போக வழி இல்லை. சுவருக்கும் கல்லுக்கும் நடுவே பக்கவாட்டில் நுழையப் பார்த்தாள். தோள் இடித்தது. கை மட்டும் போயிற்று. கையை நீட்டித் தடவி அக்காவின் கூப்பின விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ஒட்டடை ஒட்டியது. கும்பாபிஷேகத்துக் குங்குமம் காய்ந்து பொருக்காக இருந்தது.

"யாரது அங்கே?" என்று ஜெகந்நாதன் குரல் கேட்டது.

சிட்டம்மாள் கையை உருவிக்கொண்டு நகர்ந்து நின்றாள்.

"ஏரிக்கரைப் பொம்பளையா நீ? சேவிக்க வந்தியா? அதுக்கு ஏன் மூலையிலே நிக்கறே, முன்னாலே போய்ச் சேவிச்சுட்டுப் போ. யார் வேண்டாம்னா?" அவர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார்.

"கும்புட வர்ல சாமி."

"பின்னே?"

"நிக்கறதுக்கு வந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. சிட்டம்மாள் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். "இவங்கள திருப்பிக் குடுங்கன்னு கேக்கல சாமி. கொஞ்சமா இப்பிடித் திருப்பி வச்சீங்கன்னா போதும், வாசலப் பாத்தாப்பல. நான் உள்ளகூட வர மாட்டேன். வெளியவே ரோட்டுல நின்னுக்கினு பாத்துட்டுப் பூடுறேன்."

ஜெகந்நாதன் சிரித்தார். "வாசலைப் பார்த்து வெச்சா ராணி யாரைக் கும்பிடுவா? உன்னையா?"

வேடிக்கைக்குத்தான் கேட்டார்.

"ஆமா சாமி" என்றாள் சிட்டம்மாள்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டார். "அடியிலே சிமெண்ட் போட்டாச்சும்மா. இனிமே யார் நினைச்சாலும் அசைக்க முடியாது" என்றார். அது நிஜம்தான். மடப்பள்ளியிலிருந்து புளியோதரை கொண்டுவரச் சொல்லி, ஒரு கை இலையில் வைத்து அவளிடம் கொடுக்கச் செய்தார்.

சிட்டம்மாள் வாங்கிக்கொண்டாள். பழக்கத்தில் அவருக்குக் கும்பிடு போட்டாள். பாதி வழி வந்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. ஒரு கும்பிடு வாங்கிக்கொண்டு வரப் போனவள், ஒன்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். புளியோதரையை வரப்பில் வைத்துவிட்டு நடந்தாள். காக்கைகள் இறங்கின.

அந்த ஐப்பசியில் மழை கொட்டி ஏரி நிரம்பியது. தையும் மாசியும் போய், வைகாசியில் செங்கேணி தன் மகனுக்குக் கல்யாணம் வைத்தாள். பழையசீவரத்துப் பெண், செல்லாயி என்று பேர். அடுத்த குடிசையில் பந்தல், மேளம், சோறு. சிட்டம்மாள் படலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டின ராத்திரி செங்கேணி வீட்டில் நடந்த பேச்சு ஓலைக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்டது.

"பொண்ணக் காலைல எங்க கொண்டுபோய் நிறுத்தறது? கோயிலுக்கா இட்டுக்கினு போறது?" என்றது ஒரு குரல்.

"அங்க அது சொவத்தப் பாத்துக்கினு கீது. பொண்ண சொவத்துக்குள்ளவா நிறுத்துவ?" இது ஏசுதாஸ்.

"அப்ப வுட்ற வேண்டியதுதான்."

"இன்னாத்துக்கு வுடணும்? எங்கத்த நின்னாங்க. நான் நின்னேன். எம் மருமவளுக்கு மட்டும் இன்னா கொறச்சல்? கல்லு பூட்சின்னா எடம் கீதில்ல. எடத்துல நிறுத்திட்டு வருவேன்" என்றாள் செங்கேணி. அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

மறுநாள் காலையில் கல்யாணக் கூட்டம் தன் முகத்தில் விழிக்க வேண்டாமே என்று சிட்டம்மாள் விடிந்ததும் விடியாததுமாகக் குடிசையை விட்டுக் கிளம்பினாள். எங்கே போவது? கால் ஏரிக்கரைக்குத்தான் போயிற்று. மதகின் மேல் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி கேட்ட பேச்சு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து திரும்பினால், கரையின் மேல் கூட்டம் வந்துகொண்டிருந்தது. முன்னால் செங்கேணி, பக்கத்தில் மஞ்சள் சேலையில் புதுப் பெண்.

ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் மதகுப் பள்ளம், நடுவில் ஒற்றையடிக் கரை. தாலி ஈரம் காயாத பெண்ணுக்கு எதிரே வாழாவெட்டி போய் நிற்கலாமா? சிட்டம்மாள் பதறிப்போனாள். ஒதுங்குவதற்கு வேறு இடம் இல்லாமல் கல் இருந்த குழிக்குள் இறங்கினாள். அது அவள் முழங்காலளவு ஆழம் இருந்தது.

கூட்டம் வந்து நின்றது. செங்கேணி அவளைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் மாறியது. ஏசுதாஸ் தொண்டையைக் கனைத்தான். வந்த காரியத்தை நடத்தாமல் திரும்பவும் முடியாது. செங்கேணி மருமகளின் தோளைப் பிடித்து, தன்னை ஒரு காலத்தில் நிறுத்தின அதே இடத்தில் நிறுத்தினாள்.

"எங்க அத்த அந்தம்மா?" என்று செல்லாயி மெல்லக் கேட்டாள்.

பெண் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். புது ஊர், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. தன்னைக் கும்பிடப்போவதாகச் சொன்ன அந்தம்மாவும் இல்லை.

சிட்டம்மாள் குழியிலிருந்து ஏறி ஓடிவிடத்தான் நினைத்தாள். ஆனால் அந்தப் பார்வை அவளுக்குத் தெரிந்த பார்வை. தன்னை யாராவது பார்க்க மாட்டார்களா என்று தேடுகிற பார்வை. அவள் நிமிர்ந்து நின்றாள். இரண்டு கையையும் மார்புக்கு நேரே கொண்டுவந்து, அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பெரியவள் ஒருத்தி தன்னைக் கும்பிடுவதைக் கண்டு செல்லாயி திடுக்கிட்டாள். பதிலுக்கு அவள் கையும் எழும்பியது. செங்கேணி சட்டென்று அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"கையத் தொங்க வுடு. இங்க நாம கும்புடக் கூடாது" என்றாள்.

செல்லாயி கையைத் தொங்க விட்டாள். முதலில் கூச்சத்தோடு, பிறகு கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள். காற்றில் ஏரித் தண்ணீர் கரையில் மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சிட்டம்மாள் கண் கொட்டாமல் அவளைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"போதும், வா" என்று செங்கேணி மருமகளைக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டமும் திரும்பியது. சிட்டம்மாளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு தின்ன வா என்றும் சொல்லவில்லை. கல்லிடம் யார் சொல்லிக்கொண்டு போவார்கள்? புதுப் பெண் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் எல்லாரும் புளியமரத்து வளைவில் மறைந்துவிட்டார்கள்.

சிட்டம்மாளின் எதிரே யாரும் இல்லை. கை மட்டும் கூப்பினபடி இருந்தது. அக்கா எத்தனை பெண்களை இப்படிக் கும்பிட்டிருப்பாள். அத்தனை பேரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தானும்தான் ஒவ்வொரு சாயங்காலமும் வந்து வாங்கிக்கொண்டு போனாள். வாங்கினவர்களில் ஒருத்தரும் ஒரு நாளும் அக்காவைத் திருப்பிக் கும்பிட்டதில்லை.

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. குழிக்குள்ளேயே திரும்பினாள். தூரத்தில் கோபுரம் தெரிந்தது. அதற்குள்ளே ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு அக்கா நின்றிருப்பாள். முறை கெட்டால் கெடட்டும் என்று சிட்டம்மாள் கூப்பின கையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"அக்கா" என்றாள்.